வரிக்குதிரைப் படம் ஏன் வெறும் கோடாகவே வருகிறது?

ஆகஸ்டில் மறுபடியும் கென்யாவின் மசாய் மாரா சரணாலயத்துக்குப் போகிறீர்கள். போன தடவை எடுத்த வரிக்குதிரைப் படங்களைத் திறந்தால் எல்லாம் ஒரே கோடும் கோடுமாக இருக்கிறது, எந்தக் கால் எந்த உடம்புக்குச் சொந்தம் என்றே தெரியவில்லை, இந்தத் தடவை என்ன லென்ஸ், என்ன செட்டிங், கடைசியில் எல்லாவற்றையும் கருப்பு வெள்ளை ஆக்கிவிடலாமா, இதுதானே கேள்வி? லென்ஸும் செட்டிங்கும் கொஞ்சம் பொறுங்கள், அவற்றால் வரும் வித்தியாசம் குறைவு. சிங்கம் படுத்துக்கிடந்தால் அது எழுந்து கொட்டாவி விடும்வரை ரெண்டு மணி நேரம் வண்டியில் வெந்துகொண்டு காத்திருப்போம், வரிக்குதிரை என்றால் நாலு படம் தட்டிவிட்டு டிரைவரிடம் "போலாம் போலாம்" என்போம். அந்த நாலு படத்திலும் இருப்பது கோடுதான், விலங்கு இல்லை. அங்கே நிற்பதில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் எப்போது பட்டனை அழுத்துவது என்பது தானாகத் தெரிந்துவிடும். அதனால் முதலில் விலங்கைப் பற்றியே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மாராவில் நீங்கள் பார்ப்பது சமவெளி வரிக்குதிரை. தூரத்தில் இருந்து பார்த்தால் ஐந்நூறு ஆயிரம் என்று ஒரே மந்தையாகத் தெரியும், ஆனால் அது மந்தை இல்லை, சின்னச் சின்னக் குடும்பங்கள் ஒரே புல்வெளியில் வந்து நிற்கின்றன, அவ்வளவுதான். ஒரு குடும்பம் என்றால் ஒரு ஆண், ஒன்றில் இருந்து ஆறு வரை பெண்கள், அவற்றின் குட்டிகள். குடும்பம் அமையாத ஆண்கள் தனிக் கும்பலாகத் திரியும். 1960களில் ஹான்ஸ் கிளிங்கல் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் தான்சானியாவில் கொரொங்கோரோ பள்ளத்திலும் செரெங்கெட்டியிலும் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்து, கோட்டை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தது இது. எந்த இரண்டு வரிக்குதிரைக்கும் கோடு ஒன்றாக இருக்காது. அவர் கவனித்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது என்னவென்றால், அந்தப் பெண்கள் வருஷக்கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. ஆண் செத்தாலோ, இன்னொரு ஆண் வந்து விரட்டிவிட்டாலோகூட பெண்கள் பிரிந்து போவதில்லை, புது ஆண் அந்தக் குடும்பத்துக்குள் வந்து சேர்கிறது.

இது படத்துக்கு எப்படி உதவும் என்றால், குடும்பம் நடக்கும்போது வரிசை ஒன்று உண்டு. முன்னால் போவது மூத்த பெண். அதன் பின்னால் அதன் குட்டி, பிறகு அடுத்த இடத்தில் இருக்கும் பெண், அதன் குட்டி, இப்படியே போகும். ஆண் பெரும்பாலும் கடைசியில் வரும், இல்லையென்றால் பக்கவாட்டில் கொஞ்சம் ஒதுங்கி. தண்ணீருக்குப் போகிற வழியில் இந்த வரிசை அச்சடித்த மாதிரி தெரியும். எல்லோரும் முன்னால் வருவதை எடுக்கிறார்கள், நான் கடைசியில் வருவதைத்தான் எடுக்கச் சொல்வேன். சிங்கமோ கழுதைப்புலியோ தெரிந்தால் அந்த ஆண்தான் பின்தங்கி, குடும்பத்துக்கும் ஆபத்துக்கும் நடுவில் வந்து நிற்கும், கழுதைப்புலியைத் திரும்பி விரட்டிப் போய்க் கடிக்கவும் செய்யும். குடும்பம் முன்னால் போய்க்கொண்டிருக்க அது மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற நொடி, அதில் தனியாக நிற்கிறது, பின்னணி காலியாக இருக்கிறது, கண் தெரிகிறது, ஒரு படத்துக்கு வேறென்ன வேண்டும். அது ஆண்தானா என்று எப்படித் தெரியும்? கழுத்து தடிமனாக இருக்கும். பின்னால் இருந்து பார்த்தால் இன்னும் சுலபம், வாலுக்குக் கீழே இறங்கும் கருப்புப் பட்டை பெண்ணுக்கு அகலமாகவும் ஆணுக்கு மெல்லிய கோடாகவும் இருக்கும், அங்குள்ள வழிகாட்டிகள் அதைப் பார்த்துத்தான் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது காது. வரிக்குதிரையின் முகம் நமக்கு ஒன்றும் சொல்லாது, காது எல்லாவற்றையும் சொல்லிவிடும். காது இரண்டும் முன்னால் விறைத்து நின்றால் எதையோ பார்த்துவிட்டது, அது பார்க்கிற திசையில் நீங்களும் பாருங்கள், பல சமயம் உங்கள் வழிகாட்டிக்கு முன்னால் சிறுத்தையை அதுதான் கண்டுபிடிக்கும். காது பின்னால் மடங்கிக் கழுத்தோடு ஒட்டிவிட்டால் கோபம், அடுத்தது கடியோ உதையோ. காது மடங்கி, தலை தரைக்குத் தாழ்ந்து, கழுத்து நீண்டிருந்தால் அது ஆண் தன் குடும்பத்தை ஓட்டுகிறது, அந்த உருவமே பாம்பு மாதிரி நீளமாகி வேறு விலங்காகத் தெரியும். இன்னொன்று உண்டு, இதை நிறையப் பேர் கொட்டாவி என்று நினைத்துவிடுகிறார்கள்: குட்டியோ இளசோ ஒரு பெரிய வரிக்குதிரையின் முன் வாயை அரைகுறையாகத் திறந்து, பல் தெரிய, தாடையைத் திறந்து திறந்து மூடும். அது பணிவு, "நான் சின்னப்பிள்ளை, அடிக்காதே" என்பதுதான் பொருள். படத்தில் சிரிக்கிற மாதிரி விழும். இணையத்தில் "சிரிக்கும் வரிக்குதிரை" என்று சுற்றுகிற படங்களில் சில இதுவாக இருக்கும், சில பெண் வாடையை இழுக்க ஆண் மேலுதட்டைச் சுருட்டுகிறதாக இருக்கும்.

இரண்டு குடும்பத்து ஆண்கள் சந்திப்பதை நின்று பாருங்கள், மாராவில் காலை நேரத்தில் கவனித்துக்கொண்டிருந்தால் கிடைத்துவிடும். இரண்டும் தத்தம் குடும்பத்தை விட்டுப் பிரிந்து நடுவில் வரும். காது நிமிர்ந்திருக்கும், நடை கொஞ்சம் விறைப்பாக, காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற மாதிரி. மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்க்கும், மூக்குத்துவாரம் விரிந்து சுருங்குவது 400 மிமீ லென்ஸில் நன்றாகத் தெரியும். அப்புறம் கன்னத்தைக் கன்னத்தில் தேய்க்கும், அப்படியே விலாவோடு நகர்ந்து பின்பக்கம் போய் மோந்து பார்த்து, திரும்பவும் மூக்குக்கு வரும். முடிகிறபோது ஒன்று முன்காலைச் சட்டென்று தூக்கி ஒரு சின்னத் துள்ளல் துள்ளிவிட்டுப் பிரியும். இதில் சண்டை இல்லை, ஒருவர் குடும்பத்தில் ஒருவர் கைவைப்பதில்லை என்பதை இப்படிப் பேசி முடித்துக்கொள்கின்றன. நமக்கு நல்லது என்னவென்றால் இந்த ஒழுங்கு பெரும்பாலும் மாறாது, மூக்கு தொட்டுவிட்டால் அடுத்து என்ன என்று தெரிந்துவிடும், அந்தத் துள்ளலுக்குத் தயாராக ஷட்டரை ஏற்றிவைத்துக்கொள்ளலாம்.

சண்டை வேறு. சண்டை எங்கே வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம். ஒரு வயது தாண்டிய இளம் பெண் முதல் முறை பருவத்துக்கு வரும்போது பின்கால்களை அகட்டி, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அது சுற்றுவட்டாரத்து ஆண்களுக்கெல்லாம் தண்டோரா போட்டதற்குச் சமம். கும்பலாகத் திரியும் இளவட்டங்களும் பக்கத்துக் குடும்பத்து ஆண்களும் வந்து அதைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்ப்பார்கள், அதன் அப்பா மாறி மாறி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காட்சி கண்ணில் பட்டால் அன்றைய சிறுத்தையை மறந்துவிடுங்கள், அங்கேயே இருங்கள். சண்டையில் பின்காலில் எழுந்து நிற்கிற படம் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு முன்னால் நடப்பதுதான் சுவாரசியம்: இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வரும், கழுத்தின் மேல் கழுத்தைப் போட்டு அழுத்தும், முன்காலைக் கடிக்கக் குனியும், கடிபடாமல் இருக்க மற்றது முட்டி போட்டு உட்கார்ந்துவிடும், சில சமயம் இரண்டுமே முட்டி போட்ட நிலையில் ஒன்றையொன்று கடிக்கப் பார்த்துச் சுழலும். காலில் கடிபட்டால் நொண்டும், நொண்டினால் சிங்கத்துக்கு இரை, அதனால்தான் காலுக்கு அத்தனை காப்பு. ஷட்டர் வேகத்தை 1/2000க்குக் குறையாமல் வையுங்கள், ஃபோகஸ் புள்ளியைக் கழுத்துகள் சேருமிடத்தில் வையுங்கள், கண்ணைத் துரத்தாதீர்கள், அது அந்தக் களேபரத்தில் நிற்காது.

மத்தியானம் எல்லோரும் லாட்ஜுக்குச் சாப்பிடப் போகும் நேரத்தில் இரண்டு வரிக்குதிரைகள் ஒன்றன் முதுகில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு, எதிரும் புதிருமாகப் பார்த்தபடி நிற்கும். காதலர் தினத்துக்கு எல்லோரும் போடுகிற படம். அம்மாவும் மகளுமாக இருக்கலாம், இரண்டு பெண்களாக இருக்கலாம், இரண்டு இளவட்டங்களாகவும் இருக்கலாம், பெரும்பாலும் காதலர்கள் இல்லை. கழுத்துக்கு ஓய்வு, இரண்டு திசையிலும் கண், எதிராளியின் வால் நம் முகத்து ஈயை ஓட்டும், மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. இதை எடுக்கும்போது அவசரம் வேண்டாம், கலைந்து போனாலும் பொறுத்திருந்தால் திரும்ப வந்து அதே மாதிரி நிற்கும். இரண்டு முகமும் கூர்மையாக வர அபர்ச்சர் எஃப் 8, தேவைப்பட்டால் எஃப் 11. பின்னால் மூன்றாவது வரிக்குதிரை இருந்தால் படம் போச்சு, அது நகரும்வரை பொறுங்கள், இல்லை டிரைவரிடம் சொல்லி வண்டியை நாலடி முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். நாலடி போதும், நாற்பது அடி கேட்காதீர்கள்.

ஈ என்றதும் ஞாபகம் வருகிறது. கோடு எதற்கு என்ற கேள்விக்குச் சிங்கத்தைக் குழப்ப, புல்லில் மறைய, சூட்டைத் தணிக்க என்று பல பதில் சொல்லிவந்தார்கள். இப்போது ஆதாரம் வலுவாக நிற்பது ஈ பக்கம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த டிம் காரோவும் அவர் குழுவும் இங்கிலாந்தில் சாதாரணக் குதிரைகளுக்கு வரிப் போர்வை போர்த்திப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஈக்கள் கோட்டுக் குதிரையை நோக்கியும் அதே அளவுதான் வந்தன, ஆனால் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் முட்டிக்கொண்டோ தாண்டியோ போயின. போர்வை மூடாத தலையில் மட்டும் வழக்கம்போல உட்கார்ந்தன. படம் எடுக்கிறவருக்கு இதில் உள்ள சேதி, ஈ அதிகமுள்ள நேரத்தில் வாலும் காதும் தலையும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும், அது நின்றுகொண்டிருக்கிறதே என்று 1/250இல் எடுத்தால் முகம் மட்டும் கலங்கிவிடும். சும்மா நிற்கிற வரிக்குதிரைக்கும் 1/800 வையுங்கள்.

குட்டிகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஈனும் குட்டி கால்மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும், ஒரு மணி நேரத்தில் ஓடும், பார்க்கப் பழுப்புக் கோடும் புசுபுசு மயிருமாக அவ்வளவு அழகாக இருக்கும், எல்லா வண்டியும் அங்கேதான் நிற்கும். ஆனால் அந்த முதல் சில நாட்கள் அம்மா மற்ற வரிக்குதிரைகளைக்கூடக் குட்டியிடம் அண்டவிடாது, தன் கோட்டையும் வாசனையையும் குரலையும் குட்டி மனதில் பதிய வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நான்கு வண்டி சுற்றி நின்றால், ஓடுகிற எது பின்னாலும் போகிற வயதில் இருக்கும் குட்டி, யார் பின்னால் போவது என்று தெரியாமல் நிற்கும். தூரத்தில் நின்று 600 மிமீயில் எடுங்கள், அம்மா காதை மடக்கினால் கிளம்பிவிடுங்கள்.

மாரா ஆற்றைக் கடப்பதை எடுக்கத்தான் முக்கியமாகப் போகிறீர்கள் என்று தெரிகிறது. பன்னிரண்டு பதின்மூன்று லட்சம் விலங்குமான்களோடு (வில்டபீஸ்ட்) சேர்ந்து சுமார் இரண்டு லட்சம் வரிக்குதிரைகளும் அந்தச் சுற்றில் போகின்றன. வரிக்குதிரைக்கு அசைபோடும் இரைப்பை இல்லை, அதனால் சத்துக் குறைந்த நீளமான முற்றிய புல்லையும் நிறையத் தின்று சமாளித்துவிடும், அது மேய்ந்த பிறகு வெளிப்படும் குட்டைப் புல் விலங்குமானுக்கு. அதனால் முன்னால் வந்து சேர்வதில் வரிக்குதிரை நிறைய இருக்கும். ஆற்றங்கரையில் விலங்குமான் ஒன்று குதித்தால் ஆயிரமும் குதிக்கும். வரிக்குதிரை அப்படி இல்லை, இறங்கும், குடிக்கும், தண்ணீரையே பார்க்கும், ஒரு தவளை அசைந்தாலும் திரும்ப மேலே ஓடிவிடும், இப்படி ஒரு மணி நேரம் இழுக்கும். இறங்கும் இடத்தில் வண்டி நின்றால் கடக்கவே கடக்காது, அதனால் டிரைவர் தள்ளி நிறுத்தினால் சண்டை போடாதீர்கள், அவர் செய்வது சரி.

எல்லோரும் தண்ணீர் தெறிக்கும் படத்துக்காக நிற்கிறார்கள். என் சிபாரிசு, பாதிக் கூட்டம் கடந்ததும் கேமராவை எதிர்க்கரைக்குத் திருப்புங்கள். குடும்பம் குடும்பமாகக் கடப்பதால் கரையேறியதும் அவை ஓடுவதில்லை, நின்று திரும்பிப் பார்க்கும். ஆண் குரல் கொடுக்கும், குதிரைக் கனைப்பு இல்லை, நாய்க்குரைப்பும் கழுதை மூச்சிழுப்பும் கலந்த "க்வா-ஹா க்வா-ஹா". தவறிப்போன குட்டி பதில் குரல் கொடுத்துக்கொண்டு ஈரத்தோடு, கோடெல்லாம் சேறு பூசி, ஒவ்வொரு குடும்பமாகப் போய் மோந்து பார்த்து விரட்டப்பட்டு, கடைசியில் தன் அம்மாவைக் கண்டுபிடிக்கும். சில சமயம் கண்டுபிடிக்காது. சில சமயம் அதைத் தேடி அம்மா திரும்ப ஆற்றில் இறங்கும். தண்ணீர் தெறிக்கும் ஆயிரம் படத்தைவிட இதில் ஒன்று போதும் என்பது என் கருத்து, உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

கென்யாவில் இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் வடக்கே சம்புரு போங்கள். அங்கே இருப்பது வேறு இனம், கிரேவி வரிக்குதிரை. காட்டுக் குதிரை இனங்களில் இதுதான் பெரியது, 400 கிலோவைத் தாண்டும். கோடு நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும், வயிறு வெள்ளை, காது வட்டமாகப் பெரிதாக இருக்கும். 1880களில் அபிசீனிய மன்னர் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஜூல் கிரேவிக்கு ஒன்றை அனுப்பிவைத்ததால் வந்த பெயர். மேலே குடும்பத்தைப் பற்றிச் சொன்னது எதுவும் இதற்குப் பொருந்தாது. ஆண் பல சதுரக் கிலோமீட்டர் நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தனியாக நிற்கும், பெண்கள் வரும் போகும். பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும் என்பதால் குட்டிகளைக் கூட்டமாக ஒரு பெரியவரின் பொறுப்பில் விட்டுவிட்டு ஆற்றுக்குப் போய்வரும். எனவே சமவெளி வரிக்குதிரையிடம் உறவைத் தேடுங்கள், இதனிடம் தனிமையைத் தேடுங்கள். காய்ந்த நிலத்தில் ஒற்றையாக நிற்கும் ஆணை, சுற்றிலும் நிறைய வெற்றிடம் விட்டு, 200 மிமீயில் எடுத்தால் அந்த நிலமும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, இதன் வலது பக்கத்தை மறக்காமல் ஒரு படம் எடுங்கள். உலகத்தில் மிச்சம் இருப்பதே மூவாயிரம் சொச்சத்துக்கு மேல் இராது, கிட்டத்தட்ட எல்லாமே வடக்கு கென்யாவில், கொஞ்சம் எத்தியோப்பியாவில். 2016இலும் 2018இலும் கென்யாவில் பொதுமக்களைக் கேமராவோடு வரச்சொல்லி, இடம் பதிவாகும்படி கண்ணில் பட்ட எல்லா கிரேவியையும் வலது பக்கமாகப் படம் எடுக்க வைத்து, கணினி கோட்டைப் படித்து ஒவ்வொன்றாக எண்ணியது. இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் வேறு வேறு, ஆளுக்கொரு பக்கம் எடுத்தால் ஒரே விலங்கு இரண்டாகிவிடும், அதனால்தான் வலது. சுற்றுலா வந்தவர் எடுத்த சாதாரணப் படம் ஆராய்ச்சிக்கு நேராகப் பயன்படுகிற இடங்கள் குறைவு, இது அதில் ஒன்று.

சரி, இப்போது கருவிகள். 100-400 மிமீ அல்லது 200-600 மிமீ லென்ஸ், இரண்டில் எது இருந்தாலும் போதும், புதிதாக வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். கூடவே 24-105 மாதிரி ஒன்று, புழுதியில் லென்ஸ் மாற்றாமல் இருக்க முடிந்தால் இரண்டாவது கேமரா உடல். வண்டிக்குள் முக்காலி வேலைக்கு ஆகாது, காலிப் பீன் பேக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள், இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். புழுதிக்குப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் விடுங்கள், கென்யாவில் 2017இல் இருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, துணி உறையோ பழைய தலையணை உறையோ போதும்.

எக்ஸ்போஷர் பற்றிப் பயப்படுகிறார்கள், வரிக்குதிரை அப்படி ஒன்றும் மீட்டரை ஏமாற்றாது, கருப்பும் வெள்ளையும் சராசரியில் நடுச் சாம்பலுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். வெயிலில் வெள்ளைக் கோடு வெந்துபோகும் என்பதால் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ எக்ஸ்போஷரைக் குறைத்து வையுங்கள், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெந்த வெள்ளையை மீட்க முடியாது. மெல்லிய மேகம் இருக்கும் நாள் வரிக்குதிரைக்கு வரம். ஃபோகஸில்தான் தொல்லை. உடம்பு முழுக்கக் கோடு என்பதால் கேமரா சட்டென்று பிடித்துக்கொள்ளும், எதைப் பிடித்தது என்பதுதான் கேள்வி. கண் இருப்பது கருத்த இடத்தில், கண்ணும் கருப்பு, கூட்டத்தில் கண்ணைத் தேடும் வசதி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். தனியாக நின்றால் அந்த வசதியை நம்பலாம், மூன்றுக்கு மேல் என்றால் சின்ன ஒற்றைப் புள்ளிக்கு மாறிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு நூறு மீட்டருக்கு அப்பால் எடுக்காதீர்கள், தரையில் இருந்து எழும் சூட்டுக் காற்று மற்ற விலங்கில் அவ்வளவாகத் தெரியாது, கோட்டில் அலை அலையாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஓடும்போது 1/40இல் கூடவே திருப்பி எடுக்கிற படமும் இதில் கஷ்டம், உடம்பில் கோடு நெடுக்காக இறங்குவதால் கை இம்மி பிசகினாலும் அத்தனையும் சாம்பல் மெழுகு ஆகிவிடும். நூறு எடுத்தால் ஒன்று தேறும், தேறினால் பிரமாதமாக இருக்கும்.

கால் யாருடையது என்று தெரியாத குழப்பத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று என்றால் ஜன்னல் வழியே, முடிந்தவரை கீழே இருந்து எடுங்கள், பின்னணி தூரமாகப் போய்க் கலங்கிவிடும். முப்பது நாற்பது என்றால் கீழே இருந்து எடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், கூரை வழியே எழுந்து நின்று எடுங்கள், இடைவெளி தெரியும். மாலையில் சூரியனுக்கு எதிராக நிற்கும்போது கோடு கருத்துப்போய், விறைத்த பிடரி மயிரிலும் காது விளிம்பிலும் மட்டும் வெளிச்சம் நிற்கும், அப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஒன்று புழுதியில் புரள ஆரம்பித்தால் அதே இடத்தில் அடுத்ததும் வந்து புரளும், வரிசை கட்டி நிற்கும், முதலாவதைத் தவறவிட்டதற்கு வருந்தாமல் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் வண்டியைக் கொண்டுபோய்ப் போட அவகாசம் இருக்கிறது. வாட்ஸாப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடச் சுருக்கும்போது தூரத்து மந்தைப் படத்தில் இல்லாத கோலம் எல்லாம் தோன்றும். அது கேமராக் கோளாறு இல்லை, சுருக்கும்போது ஷார்ப்னஸைக் குறைத்தால் அடங்கிவிடும்.

கடைசிக் கேள்வி, கருப்பு வெள்ளை. எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், ஏனென்றால் வரிக்குதிரை கருப்பு வெள்ளை இல்லை. குட்டி பழுப்பு, கென்யாவிலேயே சாவோ பக்கம் போனால் செம்மண் ஏறிச் செம்பட்டை, நமீபியாவின் எட்டோஷாவில் வெள்ளைக் கோட்டுக்கு நடுவே மங்கலான பழுப்பு நிழல்கோடு ஒன்று ஓடும், மாற்றினால் அது காணாமலே போய்விடும். குவாகா என்று தென்னாப்பிரிக்காவில் ஒரு வகை இருந்தது, தலையிலும் கழுத்திலும் தோளிலும் மட்டும் கோடு, பின்பாதி வெறும் பழுப்பு. கடைசியானது 1883இல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் செத்தது. உயிரோடு படம் எடுக்கப்பட்டது லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒரே ஒரு பெண் குவாகாதான், 1863இல் இருந்து 1870க்குள் எடுத்த ஐந்து படங்கள், நிறம் தெரிய வேண்டுமென்றால் அருங்காட்சியகத்தில் பாடம்செய்த தோலையும் பழைய ஓவியங்களையும்தான் பார்க்க வேண்டும். உங்கள் படங்களில் பச்சைப் புல் கண்ணை உறுத்துகிறது, வெளிச்சம் தட்டையாக இருக்கிறது, ஆனால் இரண்டு முகத்துக்கு நடுவில் ஏதோ நடக்கிறது என்றால் மாற்றுங்கள், நன்றாக இருக்கும். மாற்றும்போது மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றிப் பச்சையைக் கொஞ்சம் இறக்கினால் காய்ந்த புல் வெளுத்துப் பச்சைப் புல் கருத்து விலங்கு முன்னால் வரும். ஒன்றும் நடக்காத படத்தை மாற்றினால் அது கருப்பு வெள்ளையில் ஒன்றும் நடக்காத படம்தான். ரா (RAW) கோப்பாக எடுத்து வையுங்கள், முடிவை வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம்.